ஏழாகப் பிரிந்த பரதா

நைல், புராத், தஜ்லா என்று வரலாற்று நூல்களில் நாம் படித்தறிந்த ஆறுகளெல்லாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடலைச் சேர்பவை. அவற்றின் வரிசையில் நிறுத்தினால் டமாஸ்கஸ் நகரின் பரதா ஆற்றை ஓடை என்றே சொல்லத் தோன்றும். அதன் நீளம் எழுபது, எண்பது கிலோமீட்டர் அளவே. அது கடலைக் கண்டதில்லை. மலையில் பிறந்து, பாலைவனத்தின் விளிம்பில் ஒரு சதுப்பு நிலத்தில் மடிந்துவிடுவது அதன் வழக்கம். ஆயினும் அரபியர் திமிஷ்கு என்றழைக்கும் அந்தப் பழம்பெரும் நகரை, உமையாக்களின் தலைநகரை, பல்லாயிரம் ஆண்டுகளாக உயிரோடு வைத்திருந்தது இச்சிற்றாறுதான்.

திமிஷ்கில் பெய்யும் மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேற்கே மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை முதலில் லெபனான் மலைத்தொடர் தடுத்து, தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிறது. அதைத் தாண்டி வரும் ஈரத்தைக் கிழக்கு லெபனான் மலைத்தொடர் பனியாகப் பெறுகிறது. அம்மலைக்குப் பின்னால் இருக்கும் திமிஷ்குக்கு எஞ்சுவது வறண்ட காற்று மட்டுமே. இந்த நிலையில் அங்கே ஒரு நகரம் தோன்றியிருக்கவே நியாயமில்லை. தோன்றியது எப்படி என்று அறிய, நாம் மலைக்குள் சென்று பார்க்க வேண்டும்.

கிழக்கு லெபனான் மலை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. சுண்ணாம்புப் பாறை கருங்கல்லைப் போன்று நீரைப் புறத்தே வழியவிடுவதில்லை. அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் புகுந்து நீர் உள்ளே இறங்கிவிடும். குளிர்காலத்தில் முகடுகளில் படியும் பனி, வெயில் ஏற ஏற மெல்லக் கரைந்து, மண்ணுக்கடியில் நாம் காணாத வழிகளில் நடந்து, அடிவாரத்தில் ஊற்றாகப் பீறிடுகிறது. மழை ஓய்ந்த பின்னும் ஆறு ஓடுவதற்கு இதுவே காரணம். மாரியில் பெய்ததை மலை தன் வயிற்றில் வைத்திருந்து, வேனில் தொடங்கும் வேளையில் வெளியே விடுகிறது. பனி நன்கு விழுந்த ஆண்டில் ஊற்று பொங்கும். விழாத ஆண்டில் நகரமே கவலை கொள்ளும்.

ஸபதானி என்னும் மலைச் சமவெளி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் பெயர் போன ஊர். அச்சமவெளியின் ஓரத்தில் ஒரு சிறு குளம் போலத் தேங்கும் ஊற்றிலிருந்து பரதா புறப்படுகிறது. முதற்சில கிலோமீட்டர்கள் அவசரமின்றி நடந்து, பின்பு மலையைப் பிளந்துகொண்டு குறுகிய பள்ளத்தாக்கினுள் இறங்குகிறது. வாதீ பரதா என்பது அப்பள்ளத்தாக்கின் பெயர். அதன் நடுவே இருக்கும் ஸூக் வாதீ பரதா என்னும் சிற்றூர், பண்டை நாளில் அபிலா எனப்பட்ட நகரம் இருந்த இடம். அங்கே பாறைச் சுவரில் ஒரு லத்தீன் கல்வெட்டு இன்னும் நிற்கிறது. ஆற்றின் வேகம் அரித்துச் சென்ற சாலையை, மலையை வெட்டிப் புதிதாக அமைத்த செய்தியை அது சொல்கிறது. ரோமப் பேரரசர்கள் மார்க்கஸ் அவ்ரேலியசும் லூசியஸ் வேரசும் இணைந்து ஆண்ட காலம் அது, அதாவது கி.பி. 161க்கும் 169க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். வேலையை நடத்தியவன் சிரியாவின் ஆளுநன். செலவை ஏற்றவர்கள் அபிலா ஊரார். சிற்றாறுதானே என்று எண்ணியவர்களுக்கு அது ஒருமுறை தன் வலிமையைக் காட்டியிருக்கிறது. அப்பள்ளத்தாக்கின் மேலே ஒரு மலையில் ஹாபீலின் அடக்கத்தலம் என்று மக்கள் நம்பும் இடமும் உண்டு.

அபிலாவைக் கடந்தபின் பரதாவோடு வந்து சேர்வது ஐனுல் ஃபீஜா. இதைத் துணையாறு என்பதா, தாயாறு என்பதா என்று நமக்கு ஐயம் எழுகிறது. ஏனெனில் பரதாவின் சொந்த ஊற்று, நல்ல ஆண்டுகளின் சராசரிப்படி, வினாடிக்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் நீரே தரும். ஃபீஜா ஊற்றோ 7 முதல் 8 கன மீட்டர் வரை தருவது. ஆறு இருமடங்குக்கு மேல் பெருகுவது இவ்விடத்தில்தான். என்றாலும் பெயர் சின்ன ஊற்றுக்கே நிலைத்துவிட்டது. ஃபீஜா என்பது ஊற்று எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபு என்பர் மொழி வல்லுநர். அரபியில் ‘ஐன்’ என்றாலும் ஊற்றே. ஆக ஐனுல் ஃபீஜா என்பது ‘ஊற்றின் ஊற்று’. பொருளறியாமல் இட்ட பெயராயினும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. பழைய ரோமக் கோயிலொன்றின் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து அந்நீர் பளிங்கு போல வெளிப்படுகிறது.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

காசியூன் மலைக்கும் எதிர்மலைக்கும் இடையே ஆறு நகர்ப்பக்கம் வெளியேறும் மலைவாயிலுக்கு ரப்வா என்று பெயர். ரப்வா என்றால் மேட்டு நிலம். மர்யம் (அலை) அவர்களுக்கும் அவர்தம் மகனார் ஈசா நபி (அலை) அவர்களுக்கும் ஓடும் நீருள்ள ஓர் உயர்ந்த இடத்தில் இறைவன் புகலிடம் அளித்ததைத் திருமறை 23ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவ்விடம் திமிஷ்கே என்று கருதிய விரிவுரையாளர்கள் உண்டு. வேறு ஊர்களைச் சொன்னவர்களும் உண்டு.

இந்த ரப்வாவிலும் அதற்குச் சற்று மேலேயும் பரதா ஏழாகப் பிரிகிறது. மற்ற ஆறுகள் கடலை நெருங்கும்போது தாமாகக் கிளை விரிக்கும். பரதாவின் கிளைகளோ மனிதர் பிரித்தவை. வடகரையில் யஜீது, தௌரா என இரண்டு. தென்கரையில் மிஸ்ஸாவி, தாரானி, கனவாத், பானியாஸ் என நான்கு. நடுவே அடிப்பள்ளத்தில் ஓடும் தாய் ஆறு ஏழாவது. மிஸ்ஸா, தாரய்யா ஆகிய ஊர்களுக்குச் செல்பவை அவ்வூர்களின் பெயரையே தாங்கின. கனவாத்தும் பானியாஸும் கோட்டைச் சுவருக்குள் புகுந்து வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் குளியல் மண்டபங்களுக்கும் நீர் அளித்தன. தௌராவும் யஜீதும் காசியூனின் அடிவாரத்தைத் தழுவிக்கொண்டு கிழக்கே சென்றன.

இதன் நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். பள்ளத்தாக்கினுள் ஆறு செங்குத்தாக இறங்குகிறது. மேலே ஓரிடத்தில் கரையில் மடை திறந்து, வாய்க்காலை மலையின் இடுப்பை ஒட்டி மிகச் சிறு சரிவோடு கொண்டுபோனால், ஆறு கீழே இறங்க இறங்க வாய்க்கால் மேலேயே தங்கிவிடும். மலைவாயிலை அடையும்போது இரண்டுக்குமிடையே பெரும் உயர வேறுபாடு ஏற்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலான இடத்தில் பிரியும் யஜீது எல்லாவற்றுக்கும் உயர்ந்த நிலத்தை நனைக்கும். அதற்குக் கீழே தௌரா, அதற்குக் கீழே ஆறு. மாடிப்படி போல அமைந்த இவ்வாய்க்கால்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மட்டத்து நிலத்தை எடுத்துக்கொண்டன. ஆறு மட்டும் தன்போக்கில் ஓடியிருந்தால் கரையோரத்தில் ஒரு பச்சைக் கயிறு போலத்தான் விளைச்சல் இருந்திருக்கும். ஏழாகப் பிரிந்ததால் அது விசிறி போல விரிந்தது. கூத்தா என்று அரபியர் புகழும் தோட்டப் பெருவெளி உண்டானது இவ்வாறே.

வாய்க்கால்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. இஸ்லாத்திற்கு நெடுங்காலம் முன்பே தௌரா இருந்தது. கனவாத் ரோமர்களின் கைவண்ணம். யஜீது வாய்க்காலின் வரலாறு நம்மைச் சற்று நிறுத்துகிறது. அப்பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் கர்பலாவின் நினைவே எழும், அது இயல்பு. முஆவியாவின் மகன் அதே யஜீதுதான் இதை அகலப்படுத்தியவன். காசியூன் அடிவாரத்தில் இரண்டொரு சிற்றூர்களுக்கு மட்டும் பாய்ந்துகொண்டிருந்த பழைய சிறு கால்வாயைப் பெரிதாக்கித் தரிசு நிலத்தை விளைநிலமாக்கினான். ‘முஹந்திஸ்’, அதாவது பொறியறிஞன், என்ற அடைமொழியும் அதனால் அவனுக்குக் கிடைத்தது. அவன் ஆண்டது கி.பி. 680 முதல் 683 வரை. கர்பலாவை மறக்காத சமுதாயமே அந்த வாய்க்காலையும் அவன் பெயராலேயே அழைத்து வந்தது. வரலாறு மனிதர்களை நமக்கு வசதியாகப் பகுத்துத் தருவதில்லை.

நானூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த நீர் வேறொரு பணிக்கு வந்தது. சிலுவைப் போர்க்காரர்களின் ஆட்சியில் துன்புற்ற நாப்லூஸ் பகுதி மக்கள் சிலர், அஹ்மத் இப்னு குதாமா என்ற அறிஞரின் தலைமையில் ஹிஜ்ரி 551இல் (கி.பி. 1156) ஊரை விட்டு திமிஷ்கு வந்தனர். முதலில் கிழக்கு வாயிலருகே அபூ ஸாலிஹ் பள்ளிவாசலில் தங்கியவர்கள், பின்னர் காசியூன் சரிவில் யஜீது வாய்க்காலின் அருகே குடியேறினர். வெறும் மலைச்சரிவில் அகதிகள் வாழ முடிந்ததற்குக் காரணம் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நீர். அக்குடியிருப்பே ஸாலிஹிய்யா ஆயிற்று. அஹ்மதின் மகன் முவஃப்பகுத்தீன் இப்னு குதாமா ஹன்பலி மத்ஹபின் பெருநூலான ‘அல் முக்னீ’யை இயற்றினார். மற்றொரு மகன் அபூ உமர் பெயரால் உமரிய்யா மதரஸா எழுந்தது. கல்விக்கூடங்கள் அடுத்தடுத்துத் தோன்றி, பிற்காலத்தில் இப்னு தூலூன் என்ற வரலாற்றாசிரியர் இந்தப் புறநகர் ஒன்றைப் பற்றியே தனி நூல் எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது.

இவர்கள் வருவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்புதான் திமிஷ்கு ஒரு பேராபத்திலிருந்து தப்பியிருந்தது. அந்நிகழ்ச்சியில் பரதாவின் பங்கு சிறிதன்று. ஹிஜ்ரி 543 ரபீஉல் அவ்வல், அதாவது 1148 ஜூலை 24, சனிக்கிழமை. ஜெர்மானிய மன்னர் கொன்ராடு, பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயி, ஜெரூசலத்தின் பால்ட்வின் ஆகிய மூவரும் பெரும்படையோடு தாரய்யா பக்கமாகத் தோட்டங்களுக்குள் புகுந்தனர். அப்பக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. படைக்கு வேண்டிய நீரும் கனியும் அங்கேதான் இருந்தன. மண்சுவர்களுக்கிடையே ஒடுங்கிய சந்துகளில் நகரத்தார் மறைந்திருந்து அம்பெய்தும், மாலைக்குள் பகைவர் ஆற்றங்கரையைப் பிடித்துவிட்டனர். அன்று வெளியேறிப் போரிட்டவர்களுள் மாலிகி மத்ஹபின் முதுபெரும் அறிஞர் யூசுஃப் அல் ஃபிந்தலாவியும் ஒருவர். வயது முதிர்ந்தவர், திரும்பிப் போங்கள் என்று ஆளுநர் முயீனுத்தீன் உனுர் கேட்டுக்கொண்டபோது, இறைநம்பிக்கையாளர்களின் உயிரை இறைவன் விலைக்கு வாங்கிக்கொண்டதாகக் கூறும் திருமறை வசனத்தை நினைவூட்டி அவர் மறுத்துவிட்டார். அன்றே ஷஹீதானார்.

நான்காம் நாள் நடந்தது பலருக்கும் புதிராக இருக்கிறது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அப்படை, ஜூலை 27இல் மேற்குத் தோட்டங்களை விட்டு நகரின் கிழக்குப் பக்கம் பெயர்ந்தது. அங்கே மதில் பலவீனமானது என்று யாரோ சொன்னார்களாம். கையூட்டு நடந்தது என்று பேசியவர்களும் உண்டு. காரணம் எதுவாயினும், அங்கே நீர் இல்லை, நிழலும் இல்லை. கோடையின் உச்சம். பழைய இடத்துக்கே திரும்பலாம் என்றால் அதற்குள் திமிஷ்கு மக்கள் வழிகளை மரங்களாலும் கற்களாலும் அடைத்துவிட்டிருந்தனர். மறுநாளே மூன்று மன்னர்களின் படையும் பின்வாங்கியது. இந்நிகழ்ச்சிகளை நேரில் கண்ட இப்னுல் கலானிஸி என்னும் நகரத்து வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

போர்க்காலம் கிடக்கட்டும். அமைதிக் காலத்திலும் நீருக்காக மனிதர் சண்டையிடுவர். ஏழு வாய்க்கால்கள், நூற்றுக்கணக்கான கிளைகள், பல்லாயிரம் தோட்டங்கள். தலைமடைக்காரன் மனம் வைத்தால் கடைமடைக்காரனின் மரங்கள் காய்ந்துவிடும். இதற்கு முன்மாதிரி மதீனாவிலேயே இருந்தது. மலைநீர் ஓடிவந்த ஒரு வாய்க்காலின் பேரில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு நேர்ந்தபோது, மேலே இருப்பவர் தம் தோட்டத்துக்கு உரிய அளவு பாய்ச்சிக்கொண்டு பின்பு கீழே உள்ளவருக்கு விட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. மேலே இருப்பவருக்கு முதலிடம் உண்டு, முழுவுரிமை இல்லை. ஃபிக்ஹு அறிஞர்கள் இதன்மீது விரிவான நீர்ச்சட்டம் வகுத்தனர். திமிஷ்கில் அச்சட்டமும் ஊர் வழக்கமும் ஒன்றையொன்று தழுவி நின்றன. வாய்க்காலின் நீரை இருபத்துநான்கு கீராத்துகளாகக் கணக்கிட்டு, இன்ன தோட்டத்துக்கு இத்தனை கீராத், இன்ன முறைநாளில் இத்தனை நேரம் என்று வகுத்தனர். பங்கு விற்கப்பட்டது, வாரிசுரிமையாகப் பிரிக்கப்பட்டது, பள்ளிவாசல்களுக்கு வக்ஃபு செய்யப்பட்டது.

நகருக்குள் இப்பங்கீடு இன்னும் நுணுக்கமானது. தெருமுனைகளில் ‘தாலிஃ’ என்னும் நீர்ப்பகுப்பு மேடைகள் இருந்தன. வாய்க்கால் நீர் குழாய் வழியாக ஒரு தொட்டிக்குள் மேலேறும். தொட்டியின் விளிம்பில் அளந்து வெட்டிய துளைகள். பெரிய துளை குளியல் மண்டபத்துக்கு, சிறிய துளை வீட்டு முற்றத்துத் தடாகத்துக்கு. யாருக்கு எவ்வளவு என்பதைக் கல்லே சொல்லிவிடும். கழிவுநீர் தனி வழியே வெளியேறி வயல்களுக்கு உரமாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் திமிஷ்கின் வரலாற்றைப் பல்தொகுதிகளாக எழுதிய இப்னு அஸாகிர், நகரத்துப் பள்ளிவாசல்களையும் குளியல் மண்டபங்களையும் எண்ணி எழுதியதோடு ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் இடம் ஒதுக்கினார். அவருக்கு அவை வரலாற்றின் பகுதி. நம் வரலாற்றாசிரியர்களுள் பலருக்கு மன்னர்கள் மட்டுமே வரலாறாகிவிட்டது வருந்தத்தக்கது.

வந்து பார்த்த பயணிகள் வியந்தனர். அந்தலூசிலிருந்து வந்த இப்னு ஜுபைர் 1184இல் அந்நகரைக் கண்டு, சுற்றிலும் சூழ்ந்த தோட்டங்களைப் புகழ்ந்து எழுதினார். இப்னு பதூதா 1326இல், ரமளான் மாதத்தில் வந்து சேர்ந்தார். ஆறு ஏழாகப் பிரிவதைக் குறிப்பிடும் அவர், தௌரா வாய்க்கால் ரப்வாவுக்கு அடியில் பாறையைக் குடைந்து செல்வதையும், துணிச்சல் மிக்க நீச்சல்காரர்கள் மேலிருந்து குதித்து அந்தச் சுரங்கத்துக்குள் மூழ்கி மறுபுறம் வெளிவருவதையும் சொல்கிறார். உயிருக்கு ஆபத்தான வேலை என்றும் சேர்த்தே எழுதினார். உமையா கலீபா வலீது கட்டிய பெரிய பள்ளிவாசலின் மேற்குத் தாழ்வாரத்தில் வண்ணச் சில்லுகளால் ஆன ஒரு நீண்ட சித்திரம் இருக்கிறது. ஆறும் கரையோர மரங்களும் மாளிகைகளுமாக விரியும் அதில் மனித உருவோ விலங்கோ கிடையாது. சுவர்ப்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தது 1920களின் இறுதியில் வெளிப்பட்டது. அது சுவனத்தைக் காட்டுகிறது என்பார் சிலர். பரதாவையே காட்டுகிறது என்பார் சிலர். பரதா ஓவியம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

உதுமானியர் காலத்தில் ஹஜ்ஜுக்குச் செல்லும் பெருங்கூட்டம் கூடியதும் ஆற்றங்கரையில்தான். சுல்தான் சுலைமானுக்காகக் கட்டடக் கலைஞர் ஸினான் வகுத்த தக்கிய்யா பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே எழுந்து பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தது. வெள்ளிக்கிழமைகளில் திமிஷ்குக் குடும்பங்கள் பாயும் சமோவாரும் எடுத்துக்கொண்டு ரப்வாவுக்குச் செல்வது அண்மைக்காலம் வரை நீடித்த வழக்கம். கூத்தாவின் வாதுமைப்பழத்தைப் பிழிந்து வெயிலில் உலர்த்திச் செய்யும் ‘கமருத்தீன்’ தகடுகள், ரமளான் நோன்பு திறக்கும் பானமாக அரபு நாடெங்கும் சென்றன. வாதுமைப்பழம் என்றது பாதாமை அன்று. ஆப்ரிகாட் என நம் கடைகளில் விற்கும் பழத்தைத்தான்.

மாற்றம் ஒரு நல்ல நோக்கத்திலிருந்தே தொடங்கியது. திறந்த வாய்க்காலில் வரும் நீர் ஊர் ஊராகக் கடந்து வருவதால் வழியிலேயே மாசடைந்தது. 1908இல் ஆளுநர் நாஸிம் பாஷா ஃபீஜா ஊற்றின் நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொணர்ந்து பொதுக் குழாய்கள் அமைத்தார். பின்னர் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், இந்த உரிமை அந்நியக் கம்பெனியின் கைக்குப் போய்விடக் கூடாது என்று திமிஷ்கு வணிகர்கள் தாமே முன்வந்தனர். பிற்காலத்தில் பிரதமராகவும் இருந்த லுத்ஃபி அல் ஹஃப்பார் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1924இல் தொடங்கிய பணி நிறைவுற்று 1932இல் வீடுகளுக்கு நீர் வந்தது. தூய நீர், மக்கள் பெருமைப்பட்டனர். பெருமைக்குரியதுதான்.

ஆனால் அன்று நகரின் மக்கள்தொகை சில இலட்சம். பிறகு அது பல மடங்கு பெருகியபோது, குழாய்க்குள் செல்லும் பங்கும் பெருகியது. ஊற்றின் நீரைக் கொண்டுசெல்ல இரண்டாவது சுரங்கம் அமைந்தது. ஆற்றுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீர் தந்த ஃபீஜா, வறண்ட மாதங்களில் ஆற்றுக்கு எதுவும் தராத நிலை வந்தது. ஸபதானியின் ஊற்றுப் பகுதியிலும் கிணறுகள் தோண்டப்பட்டன. ஏழு வாய்க்கால்களும் இருந்தன. பிரித்துக்கொள்ள நீர் இல்லை. கோடையில் ரப்வாவில் பாறையும் குப்பையும் தெரிந்தன. நகரின் நடுவே மர்ஜா சதுக்கத்தருகே ஓடியது பல மாதங்களில் சாக்கடை. தோட்டங்களின் மீது கட்டடங்கள் எழும்பின. முன்பு தலைமடையில் இருந்தவனைக் கட்டுப்படுத்த வழக்கமும் காழியும் இருந்தனர். குழாய்க்குத் தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை.

எல்லா நீரும் ஒரே வாயில் வழியாக வருவதன் பொருளை உள்நாட்டுப் போர் உணர்த்தியது. வாதீ பரதாவில் கிளர்ச்சிக்காரர்களும் அரசுப் படையும் மோதிக்கொண்டிருந்தபோது, 2016 டிசம்பர் 22 முதல் ஃபீஜாவின் நீர் நகருக்கு நின்றது. 55 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. ஒவ்வொரு தரப்பும் மற்றதைக் குற்றம் சாட்டியது. ஊற்று நிலையத்தின் மீது விழுந்தவை சிரிய விமானப்படையின் குண்டுகள் என்று ஐ.நா. விசாரணைக் குழு 2017 மார்ச்சில் கூறியது. ஏறத்தாழ ஐந்து வாரங்கள், உலகின் பழமையான நகரங்களுள் ஒன்றில் தாய்மார்கள் வாளிகளோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். 2017 ஜனவரி இறுதியில் பள்ளத்தாக்கு அரசின் வசமாகிப் பழுதுபார்ப்போர் உள்ளே சென்றனர். மறுபுறம், கிழக்குக் கூத்தாவை அரசுப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது. அது முடிந்தது 2018 ஏப்ரலில். எரிபொருளின்றித் தவித்த மக்கள், தலைமுறை தலைமுறையாக முறைநீர் பாய்ச்சி வளர்த்த பழமரங்களை வெட்டி அடுப்பெரித்தனர்.

2024 டிசம்பரில் அஸத் ஆட்சி வீழ்ந்தது. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் மலையில் பனியும் மழையும் மிகக் குறைந்தன. 2025இன் வறட்சியில் ஃபீஜா ஊற்று வெகுவாகத் தளர்ந்து, நகரத்துக்கு முறைவைத்து நீர் விட வேண்டியதாயிற்று. ஆற்றின் முடிவிடமான கிழக்குச் சதுப்பு நிலத்துக்கு உதைபா ஏரி என்று பெயர். குளிர்நாட்டுப் பறவைகள் வந்திறங்கிய இடம் அது. கடந்த நூற்றாண்டு முடியும் முன்பே அந்த ஏரி வற்றிவிட்டது. காற்றடிக்கும் நாட்களில் அங்கிருந்து எழும் புழுதி மேற்கே நகரத்தை நோக்கி வருகிறது.